இரண்டாம் வளைவுக்காரர்

எங்கே எது நடந்தாலும், நடந்த இடத்திலிருந்து சரியாக நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்த ஒரு மனித இனம் உண்டு. ஆலைப் புகைபோக்கி சரிந்து விழுந்ததா? தொப்பியிலிருந்த செங்கல் தூளைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனவர் அவர்தான். மேயரின் மனைவி மாதா கோயில் படியில் வழுக்கி விழுந்தாரா? கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டவர் அவர்தான். மேயரின் மனைவிக்கு அது ஞாபகமில்லை என்றால், பாவம், அதிர்ச்சியில் மறந்திருப்பார். இந்த இனம் எல்லா ஊரிலும் செழிப்பாக வளர்கிறது என்றாலும், எங்கள் கிரிம்ஷா பிரிட்ஜில் அதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். இரண்டாம் வளைவுக்காரர்.

பெயர் வந்த கதை இதுதான். யுத்தம் முடிந்த கையோடு, ரேஷன் அட்டையும் ஒட்டுப்போட்ட கோட்டுமாக அலைந்த எங்கள் ஊருக்கு, எரிவாயு ஆலைக்குப் பின்னால் ஒரு ஸ்பீட்வே மைதானம் வந்து சேர்ந்தது. பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் நாலு பேர், இடது காலில் இரும்பு லாடம் கட்டிக்கொண்டு, கரிச்சாம்பல் கொட்டிய பாதையில் நாலு சுற்று, இடப்பக்கமாகவே சறுக்கிச் சறுக்கித் திரும்பிக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்குப் புதன்கிழமைதோறும் பதினைந்தாயிரம் பேர் வந்து, முகம் நிறையச் சாம்பலை வாங்கிக்கொண்டு, பிறவிப் பயன் அடைந்தாற்போல வீடு திரும்புவார்கள். பெரிய பெரிய விபத்தெல்லாம் இரண்டாம் வளைவில்தான். அந்த வளைவின் வேலியோரம், மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருக்கினால், நூறு பேர் நிற்கலாம். அங்கே நின்றதாக இன்றைக்குச் சத்தியம் செய்கிறவர்களைக் கூட்டி வந்தால் இன்னொரு மைதானம் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த இனத்தின் தலைமகன் நாரிஸ் டாட்டர்சால். பஞ்சாலையில் எடை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரசிகர் சங்கத்தின் பித்தளைச் சின்னத்தை மார்பில் குத்தி, அதன் கீழே வருஷத்துக்கு ஒன்றாகப் பட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். அவர் குனிந்தால் அது டீக்குள் முங்கும். மாதத்தில் முதல் சனிக்கிழமை மதியம், தொழிலாளர் கிளப்பின் பின்னறையில், பழைய ரசிகர்கள் ஒன்பது பேர் கூடுவார்கள். நாரிஸ் உள்ளே வந்ததும் கண்ணை மூடி, மூக்கை உயர்த்தி, ஒரு இழு இழுப்பார். "அந்த வாசனை! விளக்கெண்ணெய்ப் புகை! இன்னும் மூக்குலயே நிக்குது." பந்தய வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள், உண்மை. ஆனால் அந்த அறையில் அடித்தது பக்கத்துச் சமையல்கட்டில் முட்டைக்கோஸ் வேகும் வாசனை.

அடுத்து, புகைப்படச் சடங்கு. கறுப்பு வெள்ளைப் படம். அதில் நாலு வீரர்கள், கண்ணை மறைத்த கண்ணாடி, மூக்கை மறைத்த கைக்குட்டை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நாரிஸ் விரலை வைப்பார்.

"முன்னால சிவப்பு ஹெல்மெட்ல போறான் பாருங்க, அவன்தான் க்ளெம் ரிக்பி."

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு. யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் பின்னால் போகிற நீல ஹெல்மெட்டைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருப்பார்கள்.

இந்த க்ளெம் ரிக்பி யார் என்று கேட்டால், எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மூன்று பருவம் எங்கள் நெசவாளர் அணிக்கு ஓட்டியவர். அந்த மூன்று வருஷமும் ஊரில் பிறந்த நாய்க்குட்டிக்கெல்லாம் அவர் பெயர்தான். நாற்பத்தொன்பதில் கோப்பைப் போட்டி, கடைசி ஓட்டம். அவர் மூன்றாவதாக வந்திருந்தாலே கோப்பை எங்களுக்கு. வரவில்லை. இரண்டாம் வளைவோடு அவர் ஓட்டம் நின்றது, கோப்பை பக்கத்து ஹாலின்வேலுக்குப் போனது. மறுவாரமே ஊர் அவரை விற்றுவிட்டது. அதாவது, அவர் காசு வாங்கிக்கொண்டு விலை போய்விட்டதாக ஊர் சொன்னது. யார் சொன்னது? பார்த்தவர் சொன்னார்.

"அது தானா விழுந்தது இல்லப்பா, வேணும்னே விழுந்தது," என்று நாரிஸ் டீக்கோப்பையை வேலியாகவும் பிஸ்கட்டை வண்டியாகவும் வைத்து நடத்திக் காட்டுவார். "நான் இங்க நிக்கறேன். அவன் இப்படி வர்றான். என்னை ஒரு பார்வை பார்த்தான். கண்ணடிச்சான்! அப்படியே வண்டியைச் சாய்ச்சுட்டான்."

கண்ணாடிக்குள்ளிருந்து, அறுபது மைல் வேகத்தில், சாம்பல் மழைக்கு நடுவே, நாரிஸ் டாட்டர்சாலைத் தேடிப் பிடித்துக் கண்ணடித்திருக்கிறார் அந்த மனிதர். என்ன கரிசனம் பாருங்கள்.

இப்படியே நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. மைதானம் சூப்பர் மார்க்கெட் ஆனது. இரண்டாம் வளைவு இருந்த இடத்தில் தள்ளுவண்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர்கள் நல்ல மனசோடு, சுவரில் ஒரு பித்தளைப் பலகை வைக்கலாம், வீரர்கள் பெயரெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தைக் கேட்டார்கள். சங்கம் பதினாறு பெயர் எழுதிக் கொடுத்தது, பட்டியல் பத்திரிகையிலும் வந்தது. பந்தயப் பாதையைப் பெருக்கியவர் பெயர்கூட இருந்தது. க்ளெம் ரிக்பி இல்லை.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்துநாலு வயது, மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான் அவ்ரில். க்ளெம் ரிக்பியோட பொண்ணு. பலகையில எங்கப்பா பேரு ஏன் இல்ல?"

பிஸ்கட் தட்டு பாதி வழியில் நின்றது. நாரிஸ் மட்டும் அசரவில்லை.

"உக்காரும்மா, டீ சாப்பிடு. மனசைத் தேத்திக்க. உங்கப்பாவை எனக்குத் தெரிஞ்ச மாதிரி உனக்குத் தெரியாது."

"இருபத்தஞ்சு வருஷம் அவரோட ஒரே வீட்ல இருந்தேங்க."

"அதான் சொல்றேன். அவ்வளவு பக்கத்துல இருந்தா ஒண்ணும் தெரியாது."

அவ்ரில் உட்காரவில்லை. "வண்டி செயின் அறுந்துபோச்சுன்னு அப்பா சொன்னாரு. ஒரே ஒரு தடவ, அம்மா செத்த அன்னைக்கு. அதுக்கு மேல அந்தப் பேச்சையே எடுக்கல. இந்த ஊரை விட்டுப் போயி, பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்தாரு. அப்புறம் மோட்டார் சைக்கிளைத் தொடவே இல்ல. போன பிப்ரவரியில போயிட்டாரு. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவரு பேரு அங்க இருக்கணும்."

"செயினா?" நாரிஸ் சுற்றும் முற்றும் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். "எல்லாப் பொண்ணுக்கும் தன் அப்பா விழுந்தா செயின்தாம்மா அறுந்திருக்கும். ஆதாரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

பத்திரத்துக்காகப் போட்டுவைத்திருந்த தலையணை உறைக்குள்ளிருந்து ஆதாரத்தை எடுத்தார். அன்றைய பந்தயத்தின் நிகழ்ச்சித்தாள். எங்கள் ஊர் ரசிகன் சோறில்லாமல் வருவான், பென்சில் இல்லாமல் வரமாட்டான். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அவனவன் தாளில் அவனவனே புள்ளி எழுதிக்கொள்வான். வண்டி கோளாறு என்றால் ஆங்கில எழுத்து 'ஈ'. ஆள் விழுந்தால் 'எஃப்'. சங்க அலுவலகக் காகிதமெல்லாம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. பத்திரிகையோ 'ரிக்பி முடிக்கவில்லை' என்று இரண்டே வார்த்தை போட்டது. எனவே உலகத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி நாரிஸின் தாள்தான்.

அவ்ரில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கடைசிக் கட்டத்தில் தெளிவாக நின்றது எஃப்.

"எழுதினது யாரு? நான். எப்ப? அந்த நிமிஷமே. எங்க நின்னு?"

"இரண்டாம் வளைவு!" என்றனர் எட்டுப் பேரும்.

"பட்டாணிக் கடை," என்றது ஒரு குரல்.

டீ கொதிகலனுக்குப் பக்கத்திலிருந்து வந்த குரல் அது. ஹில்டா. திருமதி டாட்டர்சால். இருபது வருஷமாக அந்த அறையில் டீ ஊற்றுகிற ஹில்டா, பால், சர்க்கரை தவிர வேறு விஷயம் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீ சும்மா இரு ஹில்டா."

"இருந்தேனே, நாப்பத்தஞ்சு வருஷம். ஏங்க, கடைசி ஓட்டம் நடக்கறப்ப நாம ரெண்டு பேரும் வினிகர் பட்டாணிக்கு வரிசையில நிக்கல? அன்னைக்குத்தானே முதமுதல்ல என்கிட்ட வாயத் திறந்தீங்க? கேலரிக்குப் பின்னால. அங்கேர்ந்து பாதையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

ஹில்டா கையைத் துடைத்துக்கொண்டு அவ்ரிலிடம் வந்தார்.

"முன்னாலேர்ந்து ஒருத்தரு ஓடி வந்தாரும்மா. 'போச்சு, ரிக்பி வண்டி செயின் போச்சு'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. இவரு உடனே, 'மிஸ், கொஞ்சம் திரும்புங்க'ன்னு சொல்லி, என் முதுகுமேல தாளை வெச்சு எழுதினாரு. எனக்குக் கூச்சம் தாங்கல. சிரிச்சுக்கிட்டே நகர்ந்துட்டேன். பென்சில் சறுக்கிடுச்சு. அந்த எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இருக்கே, அது காகிதத்துல விழாம என் கோட்டுல விழுந்துடுச்சு. 'பரவால்ல, எனக்குத் தெரியும்ல'ன்னு சொல்லி மடிச்சு வெச்சுக்கிட்டாரு."

அடிக்கோடு இல்லாத ஈ. அதற்குப் பெயர் எஃப். நாரிஸ் மறுவாரம் தாளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார், எஃப் என்றிருக்கிறது, எஃப் என்றால் விழுந்தான், விழுந்தான் என்றால் தான் பார்த்திருக்க வேண்டும், பார்த்தது என்றால் இரண்டாம் வளைவில்தான் நின்றிருக்க வேண்டும். கண்ணடித்தது ஐம்பத்திரண்டாம் வருஷ வாக்கில் சேர்ந்திருக்கலாம். ஒரு பெண்ணுக்கு முதுகு கூசியதில் ஒரு மனிதன் ஊரைவிட்டே போயிருக்கிறான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று அவ்ரில் கேட்டார்.

"இவரு இங்க வந்து பேசிட்டுப் போனா வீட்ல எனக்கு நிம்மதிம்மா. ஏதோ கதை விடறாருன்னு விட்டுட்டேன். கதைக்குள்ள உசுரோட ஒருத்தரு இருக்காருன்னு தோணவே இல்ல. தப்புதான். பெரிய தப்பு."

இப்போது எல்லோரும் நாரிஸைப் பார்த்தார்கள். சாதாரண மனிதனாக இருந்தால் தலை குனிந்திருப்பான். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருப்பது சாதாரண மனிதனை அல்ல. அவர் கண்ணை மூடினார். மூக்கு உயர்ந்தது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம். பிறகு மேஜையை ஒரு தட்டு தட்டினார்.

"டக்!"

"என்னது?" என்றார் வில்ஃப். எட்டுப் பேரில் மூத்தவர்.

"டக்குன்னு ஒரு சத்தம். செயின் அறுந்த சத்தம்! அதைத்தான் இத்தனை நாளா என்னடா என்னடான்னு யோசிச்சேன். இந்தக் காதால கேட்டேன்."

ஹில்டா திரும்பிக் கொதிகலனிடம் போய்விட்டார். அதற்குள் வில்ஃப், "அட ஆமாய்யா! நானும் கேட்டேன்!" என்றார். அவருக்கு அடுத்தவர் அறுந்த செயின் பறந்ததைக் கண்ணால் பார்த்தார். அதற்கும் அடுத்தவர் காலடியில் ஒரு கண்ணியே வந்து விழுந்து, அதை அவர் பொறுக்கிக்கொண்டு போய், வீட்டில் எங்கோ ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார், தேட வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு முன் விலை போனவனைப் பார்த்த ஒன்பது பேரும், க்ளெம் ரிக்பி பெயரைப் பலகையில் முதலாவதாகப் போட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அவ்ரில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"ஒம்பது பேருக்கும் காது எவ்வளவு நல்லா கேட்டிருக்கு. எங்கப்பா எட்டு மைல் தள்ளிதான் இருந்தாரு. ஒருத்தராவது பஸ் ஏறி வந்து, 'க்ளெம், செயின் சத்தம் நாங்க கேட்டோம்'னு சொல்லியிருந்தா, அந்த மனுஷன் நிம்மதியா செத்திருப்பாரு."

ஒருவர் அவரிடம் பிஸ்கட் தட்டை நீட்டினார்.

பலகை ஜூன் மாதம் திறக்கப்பட்டது. பெயர் இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல். கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் இப்போது ஈ, அடிக்கோடு மட்டும் நீலப் பால்பாயிண்ட். "இந்த ஊரே அவனைத் தூத்தினப்ப," என்று நாரிஸ் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார், "நாப்பத்தஞ்சு வருஷமா நான் ஒருத்தன்தான் அவன் பக்கம் நின்னேன்." கைதட்டல் ஓய நேரம் ஆனது. அவ்ரில் அப்பாவின் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். கேட்டது கிடைத்துவிட்டது. கொடுத்த வாய் எது என்றும் அவருக்குத் தெரியும். காற்று மாறினால் அதே வாய் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றும் தெரியும். பேச்சு முடியும் முன்பே போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் அந்த இனம் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் அலுவலகத்திலோ, அடுத்த தெருவிலோ, வேலை போன ஒருவரைப் பற்றி, விலகிப்போன ஒரு தம்பதியைப் பற்றி, "எனக்குத் தெரியாதா என்ன நடந்துச்சுன்னு?" என்று ஆரம்பித்தீர்களே, அப்போது எந்தப் பட்டாணி வரிசையில் நின்றிருந்தீர்கள்? சரி, அதை விடுங்கள். டீ ஊற்றிய கை முதல் தழுதழுத்த குரல்வரை இவ்வளவு நேரம் நான் சொன்னதை ஒரு வரி விடாமல் நம்பினீர்கள். நீ அந்த அறையில் இருந்தாயா என்று என்னை ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்கவில்லை. நாளைக்கு யாரிடமாவது இதைச் சொல்வீர்கள். கேட்கிறவர் சந்தேகமாகப் பார்ப்பார். உடனே, "நேர்ல பார்த்தவரே சொன்னாருங்க" என்பீர்கள்.