பாட்டில்களுக்கு நடுவே மாமனார்

மூன்றாவது பாட்டிலுக்கும் நான்காவது பாட்டிலுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கண்ணாடி தெரிந்தது.

அட்டவணையார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கேமராவுக்கு முன்னால் குட்டி பெல்ட்டில் மருந்து பாட்டில்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பெரிய திரையிலும் அதே பாட்டில்கள்தான். ஆனால் திரையில் மட்டும், நடுவில் ஒரு பட்டையாக, ஒரு மூக்கும் அதன்மேல் கறுப்புக் கண்ணாடியும். அந்த மூக்கை அவருக்கு நன்றாகவே தெரியும். பெண் பார்க்கப் போன அன்றே எதிரில் உட்கார்ந்திருந்த மூக்கு அது.

"யாருண்ணா இது?" என்றாள் அடுத்த மேஜைக் கேமராக்காரி. கேமரா வேலை அவளுடையது என்பதால் அந்தப் பெயர்.

"எங்க மாமனார்."

"அவரு எப்படி பாட்டிலுக்கு நடுவுல வந்தாரு?"

அதுதானே கேள்வி! இன்னும் கொஞ்ச நேரத்தில் மருந்து ஆலைக்காரர்கள், பாட்டில்களைப் படம் பிடித்துத் திரையில் காட்டும் இந்தப் பெட்டியைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

இந்தப் பெட்டிக்குள் பிராசஸர் ஒன்று, டிஸ்ப்ளே சிப் ஒன்று. எந்தப் படம் மெமரியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை முன்பெல்லாம் இரண்டுக்கும் தனித்தனியாக இருந்தது. ஒன்றில் மாற்றியதை இன்னொன்றில் படியெடுப்பதற்குள் படம் நொண்டியடிக்கும். "ஒரே வீட்டுல எதுக்கு சார் ரெண்டு அடுப்பு?" என்று மேனேஜரிடம் வீறாப்பாகக் கேட்டு, ஒரே அட்டவணையை இரண்டுக்கும் பொதுவாக்கியவர் நம்மவர்தான். அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அவர் அட்டவணையார்.

எல்லாம் சரி. ஆனால் டிஸ்ப்ளே சிப் சோம்பேறி. ஒருமுறை அட்டவணையைப் பார்த்தால் மனப்பாடம் செய்துகொள்ளும், திரும்பப் பார்க்காது. பிராசஸர் ஓர் இடத்தைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்தால், "பழசை மற" என்று சிப்புக்குச் சொல்லியாக வேண்டும். சிப்பை இயக்கும் டிரைவர் புரோகிராமில் அந்த ஒரு வரியை எழுத அட்டவணையார் மறந்துவிட்டார்.

போதாக்குறைக்குக் காலையில் போனைச் சார்ஜ் போடப் பெட்டியில் சொருகியவர், மனைவி கேட்டாளே என்று ஒரு போட்டோவை அந்தப் பெட்டியிலேயே திறந்து பார்த்திருந்தார். பாட்டில் படம் இருந்த இடம் இப்போது போட்டோவுக்குப் போயிருந்தது. சிப்போ பழைய ஞாபகத்தில் அங்கேயே போய் எடுத்து வந்து காட்டிக்கொண்டிருந்தது.

மாமனார் தெரிவதில் என்ன குற்றம் என்கிறீர்களா? போன வாரம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, குடும்பத்தோடு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய்க் குதித்துவிட்டு வந்தார் அட்டவணையார். மேனேஜர் தலைமை அலுவலக மீட்டிங்குக்குப் போயிருந்த தைரியத்தில் போட்ட லீவு அது. பொய் லீவு என்றால் மேனேஜருக்கு ஆகவே ஆகாது. போன மாதம் ஒருவனை அதற்காகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா, போயிடும்."

"நிறுத்தாம ஓடுற பெட்டின்னு சொல்லித்தாம்மா அவங்களக் கூப்பிட்டிருக்கோம்! ஸ்விட்ச் மேல அவங்களே சீல் ஒட்டிட்டுப் போயிருக்காங்க, பாரு."

போட்டோவை மூடினார். மாமனார் நகரவில்லை. மூடினால் என்ன, வேறு யாராவது மேலே எழுதும்வரை மெமரியில் அது அப்படியேதான் கிடக்கும்.

"சரி, ஒரேயடியா அழிச்சுடறேன்" என்று போட்டோக்களைக் காட்டும் புரோகிராமைத் திறந்தார். அங்கேதான் ஏழரை ஆரம்பித்தது. எதை அழிப்பது என்று கேட்பதற்காக அந்த புரோகிராம் எல்லாப் போட்டோக்களையும் மெமரியில் இழுத்துப் போட்டது. திரையில் பட்டைகள் ஐந்தாறு ஆயின. ஒன்றில் கோடு போட்ட அரைக்கால் சட்டை. இன்னொன்றில் ஒரு சறுக்குமரம். வலது ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்று.

கதவு திறந்தது. மேனேஜர்!

"என்னய்யா இது?"

அட்டவணையார் எழுந்து நின்றார். "மாமனார் சார். கண் ஆபரேஷன்னு சொன்னேனே... அதான் கறுப்புக் கண்ணாடி."

"ஓஹோ. இது எங்க எடுத்தது?"

"ஆஸ்பத்திரியில சார்."

"ஆஸ்பத்திரியில எதுக்குய்யா சறுக்குமரம்?"

"ஃபிசியோதெரபி சார்."

"கண்ணுக்கா?"

மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் போய் வலது ஓரத்தை உற்றுப் பார்த்தார். பார்த்தவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தால், குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"மறைய்யா. முதல்ல இத மறை."

தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டார் என்று அட்டவணையாருக்குப் புரிந்துவிட்டது. ஆலைக்காரர்கள் வந்து போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். வேலை போய்விட்டால் மனைவியிடம் என்ன சொல்வது? 'உங்கப்பா மூக்கால போச்சு' என்று சொல்ல முடியுமா?

அதற்குள் ஆலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு ஆண்கள், அவர்களுக்கு மேலதிகாரியாக, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மா. மேனேஜர் பாய்ந்து போய்த் திரையின் வலது ஓரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க, வாங்க! முதல்ல ஒரு காபி சாப்பிடலாமே!"

"காபி இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் தெரியல" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, இங்கதான் காத்து வருது" என்றார் மேனேஜர். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரிலேயே அந்த வரியைச் சேர்த்துவிடலாம் என்று அட்டவணையார் கீபோர்டில் விழுந்தார். பழசையெல்லாம் மற, இனிமேல் இந்த புரோகிராமின் அட்டவணையைப் பார். அவ்வளவுதான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் அட்டவணை, ஓர் எண்; அந்த எண்ணை மட்டும் கொடுக்க வேண்டும்.

"அண்ணா, அவசரத்துல தப்பா அடிச்சிடப் போறீங்க. நான் அடிக்கட்டுமா?"

"சும்மா இரும்மா!"

அடித்தார். அடித்த பிறகுதான் பார்த்தார். கேமரா புரோகிராமின் எண்ணுக்குப் பதிலாகப் போட்டோ புரோகிராமின் எண்ணைக் கொடுத்திருந்தார்.

சிப் சொன்ன பேச்சைக் கேட்டது. பாட்டில்கள் மறைந்தன. 'இந்தப் படத்தை அழிக்கவா?' என்று காத்துக்கொண்டிருந்த போட்டோ அப்படியே திரை முழுக்க வந்து நின்றது. அரைக்கால் சட்டையில் மாமனார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சறுக்கி வருகிறார். அவர் மடியில் அட்டவணையார், வாயைப் பிளந்துகொண்டு.

"அடேங்கப்பா!" என்றார் வந்தவர்களில் ஒருவர். "தண்ணித் துளியக்கூட எண்ணிடலாம் போலிருக்கே! சோதனைப் படமா இது?"

"ஆமா சார்" என்றாள் கேமராக்காரி, சட்டென்று. மகராசி!

"கொஞ்சமும் நொண்டியடிக்கல" என்றார் இன்னொருவர். இருவரும் கை தட்டினார்கள். போட்டோ எப்படி நொண்டியடிக்கும்? அட்டவணையார் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் முதுகை எடுக்காமலே, "எனக்கு... எனக்குக் கண்ணு ஒரு மாதிரியா இருக்கு. நான் இன்னைக்கு லீவு" என்றார். கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே ஓடினார்.

கண்ணாமே! குத்திக்காட்டிவிட்டுப் போகிறார். நாளைக்கு வந்ததும் சீட்டைக் கிழித்துவிடுவார். அட்டவணையார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மேஜையில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலையும் மகளின் போட்டோவையும் எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா மட்டும் திரையைவிட்டு நகரவில்லை. சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேனேஜர் மறைத்துக்கொண்டிருந்த வலது ஓரத்துக்குக் குனிந்தார்.

"பெட்டிய வாங்கிக்கறோம் தம்பி, படம் அவ்வளவு தெளிவு," என்றார். "இந்தா பாருங்க, பின்னால மஞ்சள் வாத்து வளையத்துல இடுப்பு மாட்டிக்கிட்டு அழறாரே ஒருத்தரு... இப்ப வெளிய ஓடினவருதானே?"