ஒரு டிக்கோடு நின்ற வணக்கம்

"மேரி, இங்கன வா. சுயம்புக்குப் போட்ட வணக்கம் ஒரு டிக்கோட நிக்குது, பாரு."

மரிய ஜோசப் செல்போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். வியாகுலமேரி வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு டிக்குன்னா இன்னும் போகலன்னு அர்த்தம். டவர் இல்லாம இருக்கும். இல்ல, போன அமத்தி வச்சிருப்பாக."

"ஞாயித்துக்கிழமையிலருந்தா?"

"அப்பன்னா பிளாக் பண்ணியிருப்பாக" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சொல் மரிய ஜோசப்பை அப்படியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

சுருளிப்பட்டியில் அவருடைய திராட்சைப் பந்தலும் சுயம்புலிங்கத்தின் பந்தலும் அடுத்தடுத்து இருந்தன. ஒரே வாய்க்கால், ஒரே டீக்கடை. விடிந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், மத்தியானம் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை, பொழுது சாய்ந்தால் ஒரு பொன்மொழி. மரிய ஜோசப் ஒரு அமுக்கு அமுக்கினால் ஊர் முழுக்கப் போய்விடும். அதற்குத் தவறாமல் ஒரு கும்பிடு திரும்பி வரும் என்றால் அது சுயம்புலிங்கத்திடமிருந்துதான். மற்றவர்கள் சத்தமில்லாமல் படித்துப் பயனடைந்துகொண்டிருப்பதாக அவர் நம்பியிருந்தார்; அவர்களுக்குப் போனதில் எத்தனை டிக் என்று பார்த்ததே இல்லை.

போன் போட்டுப் பார்த்தார். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. மனைவியின் போனை வாங்கிப் போட்டார். அதே பெண், அதே மரியாதை.

"ஒன்னையுமா! குடும்பத்தோட பிளாக் பண்ணிட்டான் மேரி."

"நீங்க அவுகள என்ன செஞ்சீக?"

"நான் என்னத்தச் செஞ்சேன்?" என்று சீறினார். சீறிய வேகத்திலேயே அடங்கிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத் தொடங்கியிருந்தது. செய்யாமல் இல்லை. எது தெரிந்துபோயிற்று என்பதுதான் தெரியவில்லை.

நேரே போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. டீக்கடையில் தினமும் கூட உட்காரும் காமராஜைப் பிடித்தார்.

"ஏலே, சுயம்புவுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாரு. எம்மேல என்ன கோவம்னு நைசா கேளு."

காமராஜுக்கு நைசாகக் கேட்டுப் பழக்கமில்லை. 'மரிய ஜோசப்போட உனக்கு என்ன சண்டை' என்று ஒரே போடாகப் போட்டான். அதுவும் ஒரு டிக்கோடு நின்றது.

"யோவ், ஒன்னோட ஒக்காந்து டீ குடிச்ச பாவத்துக்கு என்னையும்ல பிளாக் பண்ணிட்டான்!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

மறுநாள் கதை அவருக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்திருந்தது. வாய்க்கால் தகராறில் இரண்டு பேரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டார்களாம். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "விட்டுக்குடுத்துப் போங்கண்ணே. தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்" என்றார். இன்னொருவர் பஞ்சாயத்துக்கு ஆள் சொல்லியாயிற்று என்றார்.

பதறிப்போய்ப் பந்தலுக்கு ஓடினார். சுயம்புலிங்கம் கொடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். மரிய ஜோசப் வேலியோரம் நின்று இரண்டு தரம் கூப்பிட்டார். துண்டை எடுத்து ஆட்டினார். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டார் தடதடவென்று காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் மரிய ஜோசப்புக்கு அதெல்லாம் ஒரு காரணமாகத் தோன்றவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றே நினைத்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

பொழுது சாய, அரைக் கிலோ அல்வாவோடு சுயம்புலிங்கத்தின் வீட்டுப் படியேறினார். எது தெரிந்திருந்தாலும் சரி, எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு.

"வால, வா. என்ன அல்வாவெல்லாம்?" என்றார் சுயம்புலிங்கம். சிரித்த முகம். அந்தச் சிரிப்புத்தான் மரிய ஜோசப்பை இன்னும் பயமுறுத்தியது.

"மன்னிச்சிரு மாப்ள. ஒம் மக கல்யாணத்துல ரசம் கழனித்தண்ணி மாதிரி இருக்குன்னு பந்தியில சொன்னது நான்தான்."

உள்ளேயிருந்து சுயம்புலிங்கத்தின் மனைவி அன்னத்தாய் வந்தாள். "அது எங்க அண்ணன் வச்ச ரசம்ல?"

"ஒன் மருந்தடிக்கிற குழாய் மூக்கு ஒடஞ்சதும் என்னாலதான். ஒட்டி வச்சுட்டுச் சொல்லாம வந்துட்டேன்."

"அடப்பாவி! வேலைக்கு வந்த வீரபாண்டிய நான் கண்டபடி பேசி, அவன் கோவிச்சுக்கிட்டு வேலைக்கே வராமப் போனானே!"

நிறுத்தியிருக்கலாம். ஆனால் சரிவில் உருளத் தொடங்கிய பீப்பாய் போல் மரிய ஜோசப்பின் வாய் நிற்கவில்லை.

"போன அறுப்புக்கு மலையாளத்து யாவாரி ஒருத்தர் ஒன் பந்தலப் பாக்க வந்தாருல்ல... 'அங்கன நேத்துத்தான் மருந்தடிச்சாக'ன்னு சொல்லி, எம் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

அந்தப் பருவத்தில் சுயம்புலிங்கத்தின் பழம் கொடியிலேயே அழுகியதை ஊரே பார்த்தது. மரிய ஜோசப்பும் பார்த்தார். கூட நின்று, "எல்லாம் நேரந்தான்" என்று ஆறுதல்கூடச் சொன்னார். இப்போது அது நினைவுக்கு வந்ததும், தலையைத் தூக்க முடியாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு ஏன் திரும்பி வரலன்னு நான் சாமியத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்ல" என்றார் சுயம்புலிங்கம் மெதுவாக.

"என்ன வேணும்னாலும் பேசு மாப்ள. அந்தப் பிளாக்க மட்டும் எடுத்து விட்ரு."

"எந்தப் பிளாக்க?"

"ஞாயித்துக்கிழமையிலருந்து ஒரு மெசேஜும் வரல, ஒரு போனும் எடுக்கல..."

"போனு மருந்துத் தொட்டிக்குள்ள விழுந்துருச்சுல! கம்பத்துல ரிப்பேருக்குக் குடுத்து இப்பத்தான் வாங்கியாந்தேன். இந்தா, சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு."

மரிய ஜோசப்பின் கையிலிருந்த அல்வாப் பொட்டலம் நசுங்கியது. ஒன்றுமே தெரியாத மனிதனிடம், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்திருந்தார்.

சுயம்புலிங்கம் போனை எடுத்து உயிர் கொடுத்தார். அது கையில் நிற்காமல் துடித்தது. ரோஜாப்பூ, ரோஜாப்பூ, முடக்கத்தான், காமராஜின் 'என்ன சண்டை', 'பேசு மாப்ள', மறுபடியும் ரோஜாப்பூ. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னம், இங்கன வா. இந்தப் பிளாக்கு பிளாக்குங்கிறாகளே, அத எங்க அமுக்கணும்?"

"குடுங்க, நான் பண்ணித் தாரேன்" என்று அன்னத்தாய் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "ஊருக்குள்ள இந்த அண்ணனப் பிளாக் பண்ணாத ஆளு நீங்க ஒருத்தருதான். எங்களுக்கெல்லாம் வீடு வீடா வந்து சொல்லிக் குடுத்ததே இவுக வீட்டு மேரி அக்காதான்!"