வரலாம், வரலாம், ஒடிச்சு வரலாம்

உங்கள் ஊரில் எந்த வண்டி பின்னோக்கி நகர்ந்தாலும் அடுத்த கணம் அதன் பின்னால் ஒருவர் முளைப்பார். அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவருக்கும் அந்த வண்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து, சலூன் நாற்காலியிலிருந்து பாதிச் சவரத்தோடு, சில சமயம் சாவு ஊர்வலத்திலிருந்து விலகிக்கூட ஓடி வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூளி ஆட்டுவதுபோல் கையை ஆட்டி, "வரலாம்... வரலாம்... ஒடிச்சு ஒடிச்சு... வரலாம்" என்று ராகம் இழுப்பார். தடால் என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே "போதும்!" என்பார்.

இந்த இனத்துக்கு வரலாம்சாமி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு முழுவதும் காணப்படும். செஞ்சியில் சற்று அடர்த்தி அதிகம். கோட்டை பார்க்க வரும் டூரிஸ்ட் வேன், நெல் மூட்டை லாரி, அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ் என்று இரைக்குப் பஞ்சமில்லாத ஊர் அல்லவா?

அந்த இனத்தின் சிகரம் பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ராஜாங்கம். கல்யாணத்தில் மணப்பெண்ணையே "லேசா லெஃப்ட்ல, வரலாம்" என்று மணவறைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர். அவர் கைபட்டு ஓரங்கட்டாத வாகனம் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஒரே ஒரு சின்ன விஷயம். அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட. மனைவி மணிமொழி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து, "ஆரன் அடி, ஸ்லோ பண்ணு, அவனை இன்னாத்துக்கு முந்துற?" என்று ஓட்டிவருவதுதான் வழக்கம்.

இப்படிப்பட்டவருக்கு ஜவுளிக்கடை தீபாவளிக் குலுக்கலில் மூன்றாம் பரிசு விழுந்தது. கொச்சியில் ஐந்து நாள், இருவருக்கு, ட்ராலர் ஓட்டும் பயிற்சி. ட்ராலர் என்றால் மீன்பிடிப் படகின் பருத்த உடம்பு. ஆனால் வலைக்குப் பதிலாக உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை. அதிலேயே தின்று, அதிலேயே தூங்கி, அதையே ஓட்டிப் பழக வேண்டும். கடைசி நாள் ஒவ்வொருவரும் தனியாக அதைப் படகுத்துறையில் கொண்டுவந்து அணைத்துக் காட்டினால் சர்டிபிகேட்.

அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே, பேனர் கடை தாண்டவராயன் கூட்டுரோட்டில் பெரிய பேனர் ஒன்றைக் கட்டிவிட்டான். வெள்ளைத் தொப்பியில் ராஜாங்கம்; பின்னால் ராஜகிரிக் கோட்டை; மலை அடிவாரத்தில், அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்கத் துணியாத ஒரு கப்பல். "செஞ்சியின் முதல் கேப்டனே, வருக!"

"சர்டிபிகேட் இல்லாம வந்துடாதீங்கண்ணே. ஊரே இதுகிட்ட நின்னு செல்ஃபி எடுத்துட்டானுங்க" என்றான்.

"டேய், பஸ்ஸையே ஒடிச்சவன்டா நானு!"

கொச்சியில் கோஷி என்ற வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இதுக்கு பிரேக் இல்ல, சாரே. மெதுவா வரணும். தண்ணி எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பார்க்கணும். நிக்கணும்னா கொஞ்சம் ரிவர்ஸ் கொடுக்கணும்." மணிமொழி சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ராஜாங்கமோ படகின் மூக்கில் நின்று கையை ஆட்டினார். எதிரே வந்த பயணிகள் படகுக்கு வழி சொன்னார். நங்கூரத்துக்கு வழி சொன்னார். சாயங்காலம் சூரியன் கடலில் இறங்கியபோதும் எழுந்து நின்று, "வரலாம்... வரலாம்... போதும்" என்றார். சூரியன் பிசகாமல் இறங்கியது. இல்லை என்று சொல்ல முடியுமா?

"நீங்களும் ஒருவாட்டி சக்கரத்தைப் புடிச்சுப் பாருங்க" என்றாள் மணிமொழி, தினமும்.

"நான் புடிச்சா உனக்கு யாரு வழி சொல்றது?" என்றார் அவர், தினமும்.

கடைசி நாள் வந்தது. முதலில் ராஜாங்கம். மணிமொழி கயிற்றோடு மூக்கில் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது என்பது கோஷியின் கட்டளை. படகு துறையை நோக்கி நகர்ந்தது. ராஜாங்கத்தின் கண்ணுக்குள் பேனர் படபடத்தது. வலமா, இடமா? ஒருவரும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு ஒரு வரலாம்சாமி தேவைப்பட்டார்.

"மணி! எதுனா சொல்லேன்!"

அவள் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

என்ன செய்வார் பாவம்? சொல்ல ஆளில்லாவிட்டால் தானே போய்ச் சொல்ல வேண்டியதுதானே! சக்கரத்தை விட்டார். முன்பக்கம் ஓடினார். படகின் விளிம்பைத் தட்டி, "வரலாம்... ஒடிச்சு ஒடிச்சு... வரலாம்" என்று ஆரம்பித்தார்.

ஒடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

படகு வந்தது. சொன்ன பேச்சைத் தட்டாமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் நிற்பதற்கு அது என்ன திருவண்ணாமலை பஸ்ஸா? துறையைத் தாண்டி, ஆகாயத்தாமரைப் புதருக்குள் கழுத்தளவு புகுந்து, அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருந்த வாத்துகளை எழுப்பிய பிறகுதான் நின்றது. "போதும்!" என்றார் ராஜாங்கம். வாத்துகளில் மூத்தது படகில் ஏறி, நேராக நடந்துபோய், சக்கரத்தின் முன்னால் நின்றது.

"அதுவாவது அங்க நிக்குது" என்றார் கோஷி.

அடுத்து மணிமொழி. "சாரே, நீங்க கீழ போய் டீ போடுங்க" என்று ராஜாங்கத்தை அடுப்படிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார் கோஷி. டீ கொதித்தது, ராஜாங்கம் வடிகட்டினார், மூன்று டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

"எப்ப கெளம்புறோம்?"

"வந்து சேர்ந்தாச்சுங்க" என்றாள் மணிமொழி, துறையில் நின்று கயிற்றைக் கட்டியபடி. டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அன்றே ராஜாங்கம் தாண்டவராயனுக்குப் போன் போட்டார். "பேனரை எறக்கிடு. சர்டிபிகேட் உங்க அண்ணிக்குத்தான்."

"எறக்கவா? பிரேம்ல இருந்து எல்லாம் புதுசுண்ணே! அண்ணி மூஞ்சிய மட்டும் பிரிண்ட் எடுத்து மேல ஒட்டிடறேன்."

ஊர் திரும்பிய அன்று, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, மணிமொழியின் ஸ்கூட்டர் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து வந்தார் ராஜாங்கம். கூட்டுரோட்டை மட்டும் தாண்டிவிட்டால் போதும். ஒரு மாதம் கடைப்பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்று முடிவு. ஆனால் தாண்டவராயன் அப்போதுதான் ஏணியில் நின்று ஒட்டிக்கொண்டிருந்தான். மணிமொழி முகம் சிறியது. ராஜாங்கத்தின் மீசை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கோணலாக அல்லவா ஒட்டுகிறான்!

துண்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு கை வெளியே வந்தது.

"தாண்டவராயா... லெஃப்ட்ல... இன்னும் லெஃப்ட்ல... வரலாம்..."

வண்டி நின்றது. துண்டு விழுந்தது. வெட்கமும் அதோடு விழுந்தது. நடுரோட்டில் நின்று, லுங்கியை மடித்துக் கட்டி, பெண்டாட்டியைத் தொப்பிக்குக் கீழே அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்து அணைத்துவிட்டு, "போதும்!" என்றார். இந்த முறை ஒன்றும் இடிக்கவில்லை.

சிரித்தீர்கள், சரி. படகு புதருக்குள் போனபோது "ஐயோ, ரிவர்ஸ் போடுய்யா" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது? ஏணியை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று தோன்றியதோ?

கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இன்னும் கொஞ்சம். வரலாம்... போதும்.