சுத்தமான காற்றுக்கு மொத்த ஏஜென்ட்

ஜன்னல்களைத் திறப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் உலகத்தில் உண்டு. தன் வீட்டு ஜன்னலோடு அது நிற்காது. உங்கள் வீட்டுக்கு வரும், செருப்பைக் கழற்றும், நீங்கள் உட்காரச் சொல்வதற்குள் நேரே ஜன்னலுக்குப் போய்க் கொக்கியைத் தட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, மூக்கு விடைக்க மூச்சை இழுத்து, "எப்படித்தான் இந்தப் புழுக்கத்துல இருக்கீங்களோ" என்று உங்களுக்காகப் பரிதாபப்படும். பார்த்திருக்கிறீர்கள்தானே? ஆபீசில் ஒருவர், பஸ்ஸில் ஒருவர், சம்பந்தி வீட்டில் ஒருவர் என்று எங்கும் நிறைந்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் இன்னும் நெருக்கம். என் அக்காவைக் கட்டிய அத்தான்.

அத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். காற்றைப் பற்றி எங்கே படித்தார்? எங்கேயும் இல்லை. மூச்சு விடுகிறார், அது போதாதா? இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் மரங்கள் ஓசோனை அள்ளிக் கொட்டுகின்றன என்பார், அந்த நேரத்தில் ஆக்சிஜன் இரண்டு மடங்கு என்பார், அதை நெஞ்சு நிறைய வாங்கியவனுக்கு ஆஸ்பத்திரி வாசலே தெரியாது என்பார், நடுவில் யாராவது வாயைத் திறந்தால் "நான் சொல்றதக் கேளுங்க" என்று கையமர்த்துவார். மரம் ஓசோன் விடுவதில்லை. ஆக்சிஜனின் பங்கு விடியலிலும் அதேதான், உச்சி வெயிலிலும் அதேதான். ஓசோன் வானத்தில் வெகு உயரத்தில் இருந்தால் வெயிலின் கொடுமையை வடிகட்டும்; கீழே, வண்டிப் புகையில் வெயில் பட்டு உண்டாகிறதே, அது நுரையீரலை அரிக்கும். இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கிறது, மாப்ள" என்று சிரித்துவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் என் அக்காவுக்கு ஆஸ்துமா.

"குளிர் மாசத்துல காலைல ஜன்னலத் திறக்காதீங்க, வெயில் ஏறட்டும்" என்று டாக்டர் அத்தானை எதிரில் உட்காரவைத்தே சொன்னார். காரணமும் சொன்னார். காற்று அசையாத குளிர் இரவில் தரை சீக்கிரம் சில்லிட்டுப் போகிறது, அதை ஒட்டிய காற்றும் சில்லிடுகிறது, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. எரித்த குப்பை, லாரிப் புகை எல்லாம் மூடிக்கு அடியில், சரியாக நம் மூக்குக்கு நேரே தங்கிவிடுகிறது. வெயில் வந்து தரையைச் சுட்டால்தான் மூடி கழன்று புகை மேலே போகும். அத்தான் பெரிய மனுஷராகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வெளியே வந்ததும் டாக்டரைப் பற்றி, "சின்னப் பையன், பாவம்" என்றார்.

போன குளிர்காலத்தில் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் விடியும்போது தெரு முழுக்க வெள்ளையாக மண்டிக் கிடந்தது. எதிர்வீட்டு கேட் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்தெருப் பழைய இரும்புக் கடையில் உள்ளே இருக்கும் செம்புக்காக இரவெல்லாம் ஒயர் எரித்திருந்தார்கள். அத்தான் எழுந்தார். அக்காவின் தலைமாட்டு ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். பக்கத்து அறையில் எனக்கு எல்லாம் கேட்டது.

"பனி எவ்வளவு அழகா இறங்குது பாரு."

"பனி இல்லீங்க. ரப்பர் கருகுற நாத்தம். மூடுங்க."

"எனக்கு ஒண்ணும் நாறலையே."

"எனக்கு மூச்சு..."

"ஆழமா இழு. நீ அரைகுறையா மூச்சு விடுறதாலதான் இந்த வியாதியே."

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்குகிறது. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஜன்னலை அறைந்து சாத்தினேன். அவரையும் ஓர் அறை அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆட்டோவில் போகும்போது அக்காவின் கை என் கையில் ஜில்லென்று கிடந்தது. பிழைக்கமாட்டாளோ என்று நடுங்கிப்போனேன். அத்தான் டிரைவரிடம், "கொஞ்சம் காத்து வரட்டும், அந்தத் திரையச் சுருட்டுப்பா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மருந்துப் புகை வைத்தார்கள். அத்தான் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஜன்னலுக்குப் போனார். "அதத் தொடாதீங்க, சார்" என்று நர்ஸ் அதட்டவும், பக்கத்துக் கட்டில்காரரின் மருமகனைப் பிடித்து உட்காரவைத்து ஓசோனை ஆரம்பித்தார். முகத்தில் மாஸ்க்கோடு அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு வந்ததும் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். "தம்பி, என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

"ஏன், நம்ம வீட்டுல என்ன குறை? காத்தோட்டமா..." என்றார் அத்தான்.

"நான் மூச்சு முட்டுதுன்னு சொன்னேங்க. நீங்க எனக்குப் பாடம் நடத்துனீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். இப்போது எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாள். அத்தானுக்கு உறைத்ததா என்கிறீர்களா? விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் போனில் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்: அவர் வீட்டுக் காற்று அவ்வளவு சுத்தமாம், பழக்கமில்லாத உடம்பு தாங்கவில்லையாம்.

நீங்கள் ஜன்னல் பக்கமே போகாதவர், தெரியும். இந்த இனத்தில் எல்லாரும் போவதில்லை. ஃபேனைப் போடுகிறவர் உண்டு, நிறுத்துகிறவர் உண்டு, "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுகிறவரும் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் கடைசியாக "எனக்கு முடியலை" என்று ஆரம்பித்தாரே, அந்தப் பேச்சை அவர் முடித்தாரா, நீங்கள் முடித்துவைத்தீர்களா? ஞாபகம் இல்லையா? அவருக்கு இருக்கும். எழுந்து போய்க் கேளுங்கள்; பதில் வரும்வரை வாயை மட்டும் திறக்காதீர்கள்.