பட்டாணிக்கு வில்லங்கம்

"இந்த நாய்க்கு முன்னால யார் யார் சொந்தக்காரங்கன்னு எனக்கு எழுத்துல வேணும்மா," என்றார் வீரமலை போனில்.

"தெரு நாய்க்கு ஏது சார் சொந்தக்காரங்க? கொள்ளிடம் பாலத்துல அடிபட்டுக் கிடந்துச்சு. தூக்கிட்டு வந்து வைத்தியம் பாத்தேன்," என்றாள் மறுமுனையில் வஹீதா.

"அதையேதான் எழுதிக் கேக்கறேன்."

வீரமலை ஸ்ரீரங்கத்தில் பத்திரம் எழுதுபவர். வில்லங்கம் பார்க்காமல், நான்கு எல்லையும் விசாரிக்காமல், ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட அவர் பேனாவைத் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்டவரை இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருவன் கவிழ்த்துவிட்டான். பெங்களூரிலிருந்து ஆதரவற்ற நாய் ஒன்று வேனில் வருகிறது, வண்டி வாடகையை மட்டும் அனுப்புங்கள் என்றான். இவரும் அனுப்பினார். அவர் மனைவி வேணி புதுக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, அம்மாமண்டபம் ரோட்டில் தங்கள் வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் நின்றாள். மகள் கல்யாணமாகி மஸ்கட் போனதிலிருந்து அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அவர் பார்த்ததில்லை.

வேன் வரவில்லை. வேணி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவளை இனி ஒருநாளும் வாசலில் சும்மா நிற்க வைப்பதில்லை, நாயைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேச்சையே எடுப்பது என்று அன்றே முடிவெடுத்தார்.

உறையூரில் இருக்கும் வஹீதா, அடிபட்ட நாய்களைத் தேற்றி, வளர்க்க ஆள் தேடிக் கொடுப்பவள். பணமே வேண்டாம் என்றாள். அங்கேதான் வீரமலைக்கு உதைத்தது.

"காசு வேணாமாமா?" பக்கத்து மேஜையில் பத்திரம் எழுதும் ஜேக்கப் கண்ணைச் சுருக்கினார். "வேற என்ன கேட்டாங்க?"

"பேரு, விலாசம், வீட்டுல யார் யார் இருக்கோம்னு."

"அதானே பாத்தேன்! இப்பல்லாம் அதை வெச்சே பேங்க்கைத் துடைச்சுடறாங்க. உண்மையை மட்டும் சொல்லிடாதீங்க."

வீரமலை சொல்லவில்லை. பெயர் ரங்கநாதன், உத்திர வீதி, நாற்பத்தேழாம் நம்பர் என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

பிறகு, நாயை அன்றைய பேப்பரோடு வீடியோ காலில் காட்டச் சொன்னார். தேதி தெரிவதற்குள் நாய் அந்தப் பக்கத்தைத் தின்றுவிட்டது. மறுநாள் பேப்பரோடு மறுபடி காட்டச் சொன்னார். ஊசி போட்ட டாக்டரைக் கூப்பிட்டு, போட்டது வலது தொடையிலா இடது தொடையிலா என்று விசாரித்தார்.

"சார், இன்னொரு அம்மாவும் பட்டாணியைக் கேக்கறாங்க," என்றாள் வஹீதா. பட்டாணி என்பது நாயின் பெயர். "அவங்க நேர்லயே வந்து பாத்துட்டாங்க. நீங்க முதல்ல கேட்டதால காத்திருக்கேன்."

வேன்காரனும் இப்படித்தான் 'இன்னொருத்தர் கேக்கறார்' என்று அவசரப்படுத்தினான்.

"அந்த அம்மா ஃப்ராடா இருக்கும். நல்லா விசாரிங்க," என்றார் வீரமலை கண்டிப்பாக.

சனிக்கிழமை மாஸ்க்கும் ஹெல்மெட்டுமாக உறையூர் போனார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பழுப்பு நிறத்தில், பின்னங்காலை இழுத்து இழுத்து ஒரு நாய் வந்தது. அவருடைய இடது செருப்பின் மேல் தாடையை வைத்து, பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டது. வீரமலை பத்து நிமிடம் காலை அசைக்கவில்லை. எழுதிக்கொண்டு வந்த பதினாறு கேள்விகளும் சட்டைப்பையிலேயே கிடந்தன.

"எனக்கே குடுத்துடும்மா," என்றார்.

"வீட்டைப் பாத்துட்டுத்தான் சார் குடுப்பேன். நாளைக்குப் பத்து மணிக்கு உத்திர வீதிக்கு வரேன், ரங்கநாதன் சார்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் நாய் போய்விடுமே என்று மூடிக்கொண்டார். ஒன்பதரைக்கே போய்த் தெருவில் நின்று, அந்த வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதாகத் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு நாற்பத்தேழாம் நம்பர் வாசலில் நெற்றி நிறையத் திருமண்ணோடு ஒரு பெரியவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஓய், நீரும் நாய் விஷயமா வந்தீரா?"

"நீங்க?"

"ரங்கநாதன். எவனோ என் பேர்ல நாய் கேட்டிருக்கான். எட்டரைக்கே ஒரு பொண்ணு நாயோட வந்து நின்னா. சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்தாத்தான் நெஜம் தெரியுமாம். பாவம், அழாத குறையா திரும்பிப் போனா."

ஸ்ரீரங்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ரங்கநாதன். அந்தப் பெயரை ஆயிரம் பத்திரத்தில் தம் கையால் எழுதியவருக்கு அது தோன்றாமல் போயிற்று.

"பத்து மணின்னு சொன்னாங்களே!" வாய் தவறி வந்துவிட்டது.

"ஓஹோ, அது நீர்தானா?"

வீரமலை வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினார். போன் செய்தால் வஹீதா அவர் நம்பரைத் தடுத்து வைத்திருந்தாள். உறையூர் போனால் வீடு பூட்டிக் கிடந்தது.

அவர் தளரவில்லை. வேணியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வஹீதா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவது. பட்டாணி இல்லாமல் எழுந்திருப்பதில்லை. இப்படித் தீர்மானித்துக்கொண்டே தம் தெரு முனை திரும்பினார்.

வாசலில் வேணி நின்றாள். கிண்ணம் நிமிர்ந்து, நிறையத் தண்ணீரோடு இருந்தது. பட்டாணி குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வஹீதா.

கண்டுபிடித்து, வீட்டுக்கே வந்து மானத்தை வாங்குகிறாள் என்று வீரமலைக்கு வியர்த்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எங்கங்க போனீங்க காலையிலேர்ந்து?" என்றாள் வேணி. கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அம்மா, நான் வந்து..." என்று வஹீதாவைப் பார்த்து ஆரம்பித்தார்.

பட்டாணி தலையைத் தூக்கியது. காலை இழுத்து இழுத்து நேரே அவரிடம் வந்து, இடது செருப்பில் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டது.

வஹீதா செருப்பைப் பார்த்தாள். பிறகு நிதானமாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஃப்ராடுன்னு சொன்ன அந்த இன்னொரு அம்மா இவங்கதான், ரங்கநாதன் சார்."