கடைசிச் சனிக்கிழமைக் காய்ச்சல்

லுபேகா சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டி முதல் வாய் வைக்கவும் வாசல் கதவு தட்டப்படவும் சரியாக இருந்தது. மணி ஏழு நாற்பது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை.

"தம்பி! மண்வெட்டி இருக்கா, இல்ல நாங்க ஒண்ணு கொண்டு வரட்டுமா?"

தெருக்கோடித் தையல்காரர் கசானாவின் குரல். மாதக் கடைசிச் சனிக்கிழமை என்றால் கிகாலியில் எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை ஊரே தெருவில் இறங்கி வேலை செய்யும். வண்டி ஓடாது, கடை திறக்காது, கோட்டு போட்டவரும் மண் அள்ளுவார். இந்தத் தெருவுக்கு ஒதுக்கியிருந்தது சாக்கடை தூர் வாரும் வேலை.

லுபேகா பெயிண்ட் கம்பெனி வேலை மாற்றலில் பக்கத்து நாட்டுக் கம்பாலாவிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கிளம்பும்போது நண்பன் கிஸ்ஸா மூன்று யோசனை சொல்லி அனுப்பியிருந்தான். யாருமே குப்பை போடாத கிகாலியில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் கிஸ்ஸா. ஒன்று, பிளாஸ்டிக் பையோடு எல்லையைத் தாண்டாதே. இரண்டு, சாலையோரப் புல்லில் கால் வைக்காதே. மூன்று, கடைசிச் சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடு. எல்லையில் பக்கத்து சீட்டுக்காரர் பைகளைப் பறிகொடுத்துவிட்டுத் துணிமணிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது, கிஸ்ஸாவின் மேல் லுபேகாவுக்கு மரியாதை கூடியது. புல் விஷயத்தில் அலுவலக நண்பர் ஒருவர் போலீஸ்காரரிடம் பாட்டு வாங்கியதைப் பார்த்ததும் பக்தியே வந்துவிட்டது. மூன்றாவதை மட்டும் சந்தேகிப்பானேன்?

"காய்ச்சல்ணே," என்று கதவிடுக்கு வழியாக முனகினான்.

"காய்ச்சலா!" கசானாவின் கண்கள் விரிந்தன. "படுங்க தம்பி, படுங்க. எந்திரிக்கவே கூடாது. இதோ வந்துட்டேன்."

என்ன நல்ல மனுஷன் என்று நினைத்தபடி லுபேகா சப்பாத்தியிடம் திரும்பினான். நாலாவது வாய்க்குள் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேரின் செருப்புச் சத்தம் கேட்டது. தட்டைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுப் போர்வைக்குள் பாய்ந்தான்.

முதலில் நுழைந்தவர் வீட்டுக்காரி கயிதேசி அம்மா. தெருவுக்குத் தலைவியும் அவர்தான். லுபேகா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அவர் ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைக் காட்டினால்தான் கம்பெனி அவன் மனைவி நமுலியையும் நாலு வயது மகளையும் இங்கே அழைத்துவரும். மகளைப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. (சப்பாத்தி இறங்கியது, அது வேறு.) வீடு பார்க்க வந்த அன்றே கயிதேசி அம்மா விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: "சத்தம் போட்டாப் பொறுத்துக்குவேன். ஆணி அடிச்சாப் பொறுத்துக்குவேன். பொய் சொன்னா மட்டும் பெட்டி வாசலுக்கு வந்துடும்."

இப்போது அந்தக் கை அவன் நெற்றியைத் தொட்டது.

"குளுகுளுன்னு இருக்கே?"

"உள்காய்ச்சல்மா," என்றான் லுபேகா. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணைக்கு வரும் என்பார்கள். முதல் துணை வந்துவிட்டது.

"பாவம், பாலைக் குடி முதல்ல." ஒரு செம்புப் பால் வந்தது. பால் வாசனையே ஆகாது அவனுக்கு. ஆனால் கிகாலியில் கொடுத்த பாலை வேண்டாம் என்பது கொடுத்தவரையே வேண்டாம் என்பதுபோல. மூக்கைப் பிடிக்காமல் குடித்து முடித்தான். உடனே இரண்டாவது செம்பு வந்தது.

ஓய்வுபெற்ற நர்ஸ் உவேரா அக்கா அதற்குள் பையைத் திறந்தார். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் முப்பத்தாறரை காட்டியது. கயிதேசி அம்மா புருவத்தை உயர்த்தினார்.

"உள்காய்ச்சல்னா வாயிலதான் வெச்சுப் பார்க்கணும்," என்று கசானா எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்று லுபேகா ஓடினான். ஓடிய வேகத்தைப் பார்த்துவிட்டார்களோ என்று பாதியில் நொண்டினான். எதற்கு நொண்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

உள்ளே தாழ் போட்டு கிஸ்ஸாவுக்குப் போன் போட்டான்.

"டேய், தெருவே உள்ள வந்துடுச்சுடா! தெர்மாமீட்டர் வைக்கிறாங்க!"

"இதுக்கா பதறற? வெந்நீர வாயில ஊத்தி நல்லா கொப்பளிடா. ஜம்முனு ஏறும்."

"நீ இப்படித்தான் செஞ்சியா?"

"எனக்கு எங்க தெர்மாமீட்டர் வெச்சாங்க? நான் இருந்தது ஹோட்டல்ல."

லுபேகாவுக்குக் கண்ணை இருட்டியது. ஆனாலும் வேறு வழியில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்து, நாக்கு வெந்துபோகும் அளவுக்குக் கொப்பளித்துவிட்டு வந்து படுத்தான்.

உவேரா அக்கா தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாப்பத்திரண்டு."

"ஜாஸ்தியா அக்கா?" என்றான் லுபேகா.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நாப்பத்திரண்டு வந்த யாரும் என்கிட்ட கேள்வி கேட்டதில்ல," என்றார் உவேரா அக்கா.

"தூக்குங்கப்பா!" என்று கயிதேசி அம்மா குரல் கொடுத்தார்.

"வேணாம்மா! ஆட்டோ மாதிரி ஏதாவது..."

"இன்னிக்கு ஏது வண்டி? பதினோரு மணி ஆகணும். ஆம்புலன்ஸ் எதிர் மலையில நிக்குது. அதுவரைக்கும் உன்னைச் சாக விட்டுடுவோமா?"

அவன் வாயை மூடுவதற்குள் நோயாளியைச் சுமக்கும் பின்னல் தொட்டில் வந்துவிட்டது. இரண்டு கழி, நடுவில் மூங்கில் பின்னல், மேலே துவைத்து மடித்த விரிப்பு. இத்தனை சீக்கிரம் எங்கிருந்து எடுத்தார்கள் என்று அவன் வியந்தான். தொண்ணூற்றெட்டு கிலோவையும் தோளில் ஏற்றி, நாலு நாலு பேராய் ஆள் மாற்றி, பாட்டுப் பாடிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினார்கள். ஒருவர் அடி தவறவில்லை. இறங்கி நடக்கிறேன் என்று அவன் எழுந்தபோதெல்லாம், "பிதற்ற ஆரம்பிச்சுட்டான்," என்று கசானா நெஞ்சில் கை வைத்து அமுக்கினார்.

வழியில் மற்றத் தெருக்காரர்கள் முழங்கால் சேற்றில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். தொட்டிலைக் கண்டதும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். வருகைப் பதிவேட்டோடு நின்ற வட்டார அதிகாரி, "நோயாளியச் சுமக்கறதும் சேவைதான். ரொம்ப நல்ல தெருய்யா உங்களுது," என்று, வழியில் சேர்ந்துகொண்ட தெருக்காரர்களோடு சேர்த்து இருபத்திரண்டு பேருக்கும் டிக் போட்டார். லுபேகாவுக்கு வெட்கத்தில் நிஜமாகவே உடம்பு சுட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோ அழைப்பு. எடுக்காமல் விடலாம் என்று பார்த்தான். கசானா உதவி செய்வதாக எண்ணி அழுத்திவிட்டார்.

திரையில் நமுலி. பக்கத்தில் மகள்.

"அப்பா ஏன்மா தெருவுல படுத்துக்கிட்டே போறாரு?"

நமுலி ஒரு கணம் பார்த்தாள். அவனைப் பார்த்தாள், தோள் கொடுத்த நால்வரைப் பார்த்தாள், பின்னால் பாடிவரும் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் முன்கழிக்காரர் ஒரு அடி தடுமாறினார்.

"ஒண்ணுமில்ல நமுலி, நான் நல்லாத்தான்..."

"நாப்பத்திரண்டு டிகிரி தங்கச்சி, ஆனா தைரியமா இருங்க!" என்று கசானா போனுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

மகள் அழ ஆரம்பித்தாள். தொடர்பு அறுந்தது. லுபேகா போனை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். மூன்று மணி நேரச் சாக்கடையிலிருந்து தப்பிக்கப் பார்த்து, பெற்ற பிள்ளையை அழவைத்துவிட்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் ஒன்றுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இடுப்பில் ஊசி போட்டு ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். கயிதேசி அம்மா ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்தார். மோவாயில் ஒட்டியிருந்த முட்டைத் துணுக்கையும் சேர்த்துத் துடைத்தார். அதோடு அவன் உடைந்துவிட்டான்.

"அம்மா, எனக்குக் காய்ச்சலே இல்ல. வேலைக்கு வரச் சோம்பேறித்தனப்பட்டுப் பொய் சொன்னேன். வாயில வெந்நீர ஊத்திக்கிட்டேன். பெட்டிய வாசல்ல வைக்கிறதுன்னா வைங்க. ஆனா இத்தனை பேர் தோள்ல ஏறி வந்துட்டு, இனியும் என்னால பொய் சொல்ல முடியல."

ஈரத்துணி அப்படியே நின்றது. கயிதேசி அம்மா கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா."

"டாக்டர்கிட்ட?"

"இல்ல."

துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

முடிந்தது என்று லுபேகா நினைத்தான். வீடு போயிற்று, நமுலியும் குழந்தையும் வருவது போயிற்று. கம்பாலாவுக்குத் திரும்பிப் போய் முதல் வேலையாகக் கிஸ்ஸாவின் வாயில் வெந்நீர் ஊற்றுவது என்று முடிவு செய்தான். கண்ணீர் காதில் இறங்கியது.

பத்து நிமிடம் கழித்துக் கசானா வந்தார். முகத்தில் அத்தனை கோபம். கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை அவன் நெஞ்சில் வைத்தார். வாடகை ஒப்பந்தம். கீழே கயிதேசி அம்மாவின் கையெழுத்து, மை கூடக் காயவில்லை.

"அண்ணே, அம்மாகிட்ட நான் உண்மைய..."

"அதான் தம்பி தப்பு!" என்று கசானா அவன் வாயைப் பொத்தினார். "போன மாசம் எனக்கு வயித்துவலி, அடுத்த மாசம் அம்மாவுக்கே முழங்கால் வாதம், வரப்போற உன் சம்சாரத்துக்கு மார்ச்சுல தலைசுத்தல்னு தெருவே முறை போட்டு எழுதியாச்சு, இதுல நீ பாட்டுக்கு உண்மையச் சொல்லிட்டுத் திரிஞ்சா, அப்புறம் அந்தச் சாக்கடைய யாரு வார்றது?"