வட்டிலப்பம் மூடிய தாளும் பரிசாரியின் தகடும்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சாய்ந்தமருதில் சாப்பாட்டுக் கடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. சனம் முழுக்க ஓதிப் பார்க்கும் றம்ஸீன் பரிசாரியின் வாசலில் நின்றது. கல்முனை ஓட்டோக்கள் ஒரு பக்கம், நிந்தவூர் மோட்டார் சைக்கிள்கள் மறுபக்கம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். அந்தப் போன்களுக்குள் ஜின் புகுந்துவிட்டதாம்.

விஷயம் இதுதான், என் மக்களே. கடையில் போனை மெஷினுக்குக் கிட்டே காட்டினால் காசு கட்டிவிடலாம் என்ற வசதி நம் ஊருக்கும் வந்தது. தொடாமலே காசு போகுதாம் என்று ஊர் மிரண்டது. தொடாமல் எடுப்பது ஜின்தான் என்று பரிசாரி கண்டுபிடித்தார். இரண்டு மாதத்துக்கு முன்புவரை அவர் தோணி எஞ்சின்களுக்குக் கண்ணூறு கழித்துக்கொண்டிருந்தவர். ஜின்னும் அவரோடு சேர்ந்து தொழில் மாறிவிட்டது.

மேசையில் ஒரு மெஷின் வைத்திருந்தார். முதலில், வந்தவர் ஒருவர் திறந்து நீட்டிய போனை வெறுமனே காட்டினார். ‘டிங்!’ நூறு ரூபாய் போயிற்று. (எங்கே போயிற்று? பரிசாரியின் கணக்குக்கு. அதை ஒருவரும் கேட்கவில்லை.) பிறகு போனின் முதுகில் பச்சை நூல் சுற்றிய தகடொன்றை ஒட்டினார். மெஷின் மூச்சுக் காட்டவில்லை.

“பாத்தீங்களா? ஜின்ட வாயக் கட்டிட்டன்!”

தகடு இரண்டாயிரத்து ஐந்நூறு. கையில் காசாகத்தான் தரவேண்டும்.

“பரிசாரியார், என்ட போன்ல ரெண்டு சிம். ரெண்டு தகடு வேணுமா?” என்று கேட்டார் மீன் வியாபாரி முனாஸ்.

“ஓம். ரெண்டாவதுக்கு இருநூறு குறைப்பன்.”

அப்போதுதான் ஜுனைதா ஓடிவந்தாள். இடுப்பில் ஆறு வயது மகள் பஹ்மிதா. பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. பாமசியில் இழுப்புப் பம்புக்குக் காசு கட்டப் போனைக் காட்டியிருக்கிறாள், மெஷின் எடுக்கவில்லை. கையிலிருந்த காசு அதற்கு முந்தின கிழமையே தகட்டுக்குப் போய்விட்டது. தகட்டைக் கழற்றவும் பயம். அவளாகக் கழற்றினால் கட்டாரில் வேலை செய்யும் புருசன் நிப்றாஸ் மாடியிலிருந்து விழுவான் என்று பரிசாரி சொல்லியிருந்தார்.

“மாமா, இதக் கழட்டித் தாங்க. புள்ள மூச்செடுக்க ஏலாமக் கிடக்கா.”

“கழட்டலாம் மகள். அதுக்குத் தனியா ஓதணும். மூவாயிரம்.”

“கையில ஒரு சதமும் இல்லையே!”

“போன்ல இரிக்கும்தானே?”

சொன்ன பிறகுதான் பரிசாரிக்கே விளங்கியது. போனில் கட்டத் தகடு விடாது. தகட்டைக் கழற்றக் காசு வேண்டும். தன் கடையைத் தானே பூட்டிவிட்டுத் திறப்பைத் தேடினார் மனுசன்.

பாமசியில் வேலை செய்யும் அஸ்பியா பின்னாலேயே ஓடி வந்தாள். ஒரு கையில் பம்பு. மறு கையில் இனிப்புக்குச் சாப்பிட எடுத்த வட்டிலப்பக் கோப்பை. அவசரத்தில் அதையும் தூக்கி வந்துவிட்டாள்.

“காசு பொறகு தா எண்டு கத்தக் கத்த ஓடுறாயே ஜுனைதா!” என்றபடி முதலில் பிள்ளையின் வாயில் பம்பை வைத்து அடித்தாள். விசில் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு பரிசாரியின் பக்கம் திரும்பினாள்.

“ஒங்கட மெஷினக் கொஞ்சம் தாங்க.”

விரலை வைத்துத் தன் போனைத் திறந்தாள், மெஷினில் காட்டினாள். ‘டிங்!’ வட்டிலப்பத்தை மூடியிருந்த வெள்ளித்தாளைக் கிழித்துத் துடைத்தாள். மடித்துப் போனின் முதுகில் வைத்து மறுபடி காட்டினாள். மெஷின் ஊமையாயிற்று.

“இதுக்கு ஆரு ஓதின? வட்டிலப்பம் அவிச்ச எங்கட உம்மாவா?”

சனம் கொல்லென்று சிரித்தது.

“ஒங்கட உம்மா நல்ல மனுசி... கையில அல்லாஹ்ட பறக்கத் இரிக்கும்” என்று இழுத்தார் பரிசாரி.

“ஓம், இரிக்கி. தகரமோ வெள்ளித்தாளோ, நடுவுல நிண்டா மெஷினுக்கும் போனுக்கும் கதைக்க ஏலா. அவ்வளவுதான்.” தாளை எடுத்தெறிந்தாள்; போனைப் பூட்டினாள்; மெஷினில் காட்டினாள். சத்தமில்லை. “இப்ப தகடும் இல்ல, தாளும் இல்ல. ஏன் எடுக்கல்ல? என்ட விரல் வைக்காமத் திறக்காது. திறந்தாலும் கிட்டக் கொண்டுபோய்க் காட்டணும். றோட்டால போறவன் காச உறிஞ்ச ஏலா.”

ஜுனைதா தகட்டில் நகத்தை வைத்தாள். பிய்க்காமல் அஸ்பியாவைப் பார்த்தாள். “அவர் விழுந்திட்டாரெண்டா?”

“அவரையே கேளு.”

வீடியோவில் நிப்றாஸ் வந்தான். வெள்ளி லீவு, அறையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜுனைதா தகட்டைப் பிய்த்தாள். நிப்றாஸ் விழவில்லை. அவன் கையிலிருந்த கோப்பைகூட விழவில்லை.

“மகளுக்கு என்ன? ஏன் அழுறாய்?” என்றான்.

சனம் பரிசாரியை நெருங்கியது. “சல்லியத் திருப்பித் தாங்க!”

“தாறன், தாறன். இப்ப கையில இல்ல. போன்ல அனுப்பட்டா?” என்று சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

முனாஸ் அதைப் பறித்துப் புரட்டினார். முதுகு வழுவழுவென்றிருந்தது. தகடு இல்லை. ஒட்டிய அடையாளம்கூட இல்லை.

என் மக்களே, உங்கள் விரலை இனாமாகத்தான் அல்லாஹ் தந்தான். பயத்தை மட்டும் ஏன் இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கினீர்கள்? அடுத்த முறை யாராவது தகடு ஒட்ட வந்தால், முதலில் அவருடைய போனைப் புரட்டிப் பாருங்கள்.